அறுபது வண்டி வண்டல்

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் கெங்கம்மாள் பதிமூன்று வருஷம் ஒரே ஒரு ஆசையை வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். நகை ஆசை இல்லை. பிள்ளை ஆசைகூட இரண்டாம்பட்சம்தான். அவளுடைய மூத்தார் தெய்வசிகாமணி, அதாவது புருஷனின் அண்ணன், "நான் ஏமாத்தினேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். தெய்வசிகாமணி எதிரில் சத்தமாகத் தும்முவதற்கே ஆட்கள் யோசித்த காலம் அது.

அவள் பிறந்து வளர்ந்தது மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஊரில். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மண்ணைக் காலால் படித்துவிடும். காய்ந்து கிடக்கும்போது மாவுபோலப் பறந்து, நனைந்தால் சோப்புக்கட்டியாக வழுக்குகிற மண்ணை நம்பி எதையும் விதைக்கக்கூடாது. அதில் தண்ணீர் கட்டினால் உள்ளே இறங்காது. இரண்டு நாள் ஆனாலும் கலங்கலாகவே நிற்கும். அவள் அப்பாவுக்கு இருந்த ஒன்றரைக் காணி ஒரு காலத்தில் நல்ல நிலம்தான். மழை பொய்த்த வருஷம் அவர் கிணறு வெட்டினார். லேசாகக் கரித்த தண்ணீரைப் பெரிதாக நினைக்காமல் மூன்று கோடை பாய்ச்சினார். நாலாவது கோடையில் நிலம் முழுக்க வெளுத்துப்போனது. சாகிற வரைக்கும் அந்தக் கிணற்றைத் திட்டிக்கொண்டே இருந்தார். கெங்கம்மாள் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

1952-இல் அவளை மாயவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாயவன் நல்லவன். நல்லவன் என்பதற்கு மேல் சொல்ல அவனிடம் அதிகம் எதுவும் இல்லை. அப்பா இல்லாத அவனைப் பதினேழு வயது மூத்த அண்ணன்தான் வளர்த்தார். வளர்த்தவர் கிழித்த கோட்டை அவன் தாண்டமாட்டான். பாண்டிச்சேரி பஞ்சாலையில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, "கல்யாணம் பேசியிருக்கிறேன், வா" என்று அண்ணன் கடிதம் போட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி வாய் திறக்கக்கூடாது. அவர் வந்தால் எழுந்து ஒதுங்க வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சொல்லியே தீரவேண்டிய சங்கதி என்றால் மாட்டைப் பார்த்துச் சொல்லலாம், சுவரைப் பார்த்துச் சொல்லலாம். அவரும் அப்படியே பதில் சொல்வார். "இந்த மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டலியா?" என்று மாட்டையே கேட்பார். "காட்டியாச்சி" என்று கெங்கம்மாளும் மாட்டிடமே சொல்வாள். நடுவில் மாட்டிக்கொண்ட மாடு அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் பாகம் பிரிக்கிற பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவரே தெய்வசிகாமணிதான். குடும்பத்துக்கு இரண்டு நிலம் இருந்தது. ஒன்று, ஊருக்கு மேற்கே மேட்டுக்கொல்லை. தாத்தா காலத்துச் செம்மண், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டால் கொடிக்குக் கொடி கொத்தாகக் காய்க்கும். இன்னொன்று ஏரிக்குக் கீழே இரண்டு காணி வயல். மாயவன் பாண்டிச்சேரியில் இருந்தபோது அண்ணன் வாங்கிப்போட்டது. மாயவன் அந்த வயலை ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ரோட்டில் நின்று பார்த்ததோடு சரி. கறுகறுவென்று கிடந்தது. ஏரித்தண்ணீர் பாய்கிற வயல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தப் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். கூறு போடுகிறவன் கோணலாகப் போட்டால் அவன் தலையிலேயே விடியும் என்பதால் வந்த ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எடுக்கிறவனுக்கு மண் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யோசிக்கவில்லை.

பாகம் பிரிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் கெங்கம்மாள் புல் அறுக்க ஏரிக்கீழ்ப் பக்கம் போனாள். வயலின் வடகிழக்கு மூலையில் ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. மேயவும் இல்லை, நகரவும் இல்லை. ஊர்த்துணி வெளுக்கிற பூமாலை பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்து அதன் காதைப் பிடித்து இழுத்தான்.

"இன்னா பூமாலை, கழுத இங்க வந்து நின்னுக்கினு கீது?"

"அத்த ஏம்மா கேக்குறீங்க. துணி வெளுக்கிற உவர்மண்ணு இங்கதான் அள்ளிக்கினு போவேன். அஞ்சாறு வருசமா வந்து பழகுன தடம். ஒங்க கல்யாணத்துக்கு முந்தின கோடையில பெரியவரு ஏரி வண்டல அடிச்சி மூடிட்டு, இங்க கால வைக்காதேன்னுட்டாரு. எனக்குப் புரியுது. இதுக்குப் புரியலியே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கழுதையை அடித்து ஓட்டிக்கொண்டு போனான்.

கெங்கம்மாள் வயலில் இறங்கி அரிவாள் நுனியால் கிளறினாள். ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு வண்டல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெளுத்த மண். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள், கரித்தது. எச்சில் தொட்டு விரலில் தேய்த்தாள், வழுக்கியது. துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தன் தம்பியை, தானே தூக்கி வளர்த்த பிள்ளையை ஏமாற்றுவதற்காக ஒரு மனிதன் கோடை முழுக்க வண்டி கட்டி ஏரியிலிருந்து வண்டல் சுமந்திருக்கிறான். ஊரே அந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

வீட்டுக்கு ஓடினாள். மாயவன் இல்லை. பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்க அண்ணன் அவனைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இருவரும் அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து நேராக மாரியம்மன் கோயில் புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்கள். தம்பி ஒரு நிமிஷம்கூடத் தனியாகப் பெண்டாட்டியிடம் சிக்கக்கூடாது என்று அதையும் யோசித்து வைத்திருந்தார் அந்த மனிதர்.

புங்கமரத்தடியில் பெரிய மனிதர் விருத்தாசலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள். கெங்கம்மாளும் அங்கேதான் நின்றாள். கத்திவிடலாம். கத்தினால் மூத்தார் முன்னால் வாய் நீண்டவள் என்று பெயர் வரும், பேச்சு எடுபடாது. பூமாலையின் பிழைப்பும் போய்விடும். வழக்கத்தை நினைத்தாள், பயந்தாள், புருஷன் திரும்பிப் பார்ப்பானா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாப்பா மாயவா, எது எடுத்துக்கிறே? வயலா?" என்றார் விருத்தாசலம்.

வேண்டாம், வேண்டாம் என்று கெங்கம்மாள் தலையை ஆட்ட ஆரம்பித்தாள். மாயவன் யோசித்துக்கொண்டே மெதுவாகத் திரும்பினான். அவன் கண் அவள்மேல் வந்து விழுகிற நேரம் பார்த்து விருத்தாசலம், "இல்ல, கொல்லையா?" என்று முடித்தார். அவள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மாயவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வயலே எடுத்துக்கிறேன் மாமா. வூட்லயும் அதான் இஷ்டம்" என்றான்.

தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கெங்கம்மாள் ஒருவேளை மன்னித்திருப்பாள்.

அந்த ஆடியில் நட்ட நாற்று பதினைந்து நாள் பச்சையாக நின்றது. வண்டல் இருக்கிறவரைக்கும் வேர் ஓடியது. கீழ்மண்ணைத் தொட்டதும் நுனி மஞ்சளாகி, பிறகு வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. இரண்டாவது போகத்துக்குள் உழுது உழுது வண்டலும் கீழே இருந்த களர்மண்ணும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மாயவன் கருகிய நாற்றை ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றான். கெங்கம்மாள் தெருவில் நின்றாள்.

"அண்ணே, பயிரு வெந்து போச்சுண்ணே."

"அதுக்கு நான் இன்னாடா பண்றது? கூறு போட்டது நானு. எடுத்தது நீதானே?"

எடுத்தது நீதானே. அந்த வார்த்தை ஊருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாயவன் கடைக்குப் போனாலும் சொன்னார்கள், கோயிலுக்குப் போனாலும் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றால்கூட, "நல்ல எடமாப் பாத்து எடுப்பியே மாயவா" என்று ஒருவன் கிண்டல் செய்தான். மாயவனால் தாங்க முடியவில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி ஒன்றில் எடை போடுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். தலையாட்டியதைப் பற்றி அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் கேட்காமல் விட்டதும் அவள் கோபத்தோடுதான் சேர்ந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி மூத்தார் பேரில் வைத்துவிட்டாள்.

பிறகு அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

ஒன்பது வருஷம். முதலில் வயலைச் சின்னச் சின்னப் பாத்தியாகத் தடுத்தாள். தெற்கு ஓரம்தான் பள்ளம். அங்கே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டினாள். ஒரு கோடை முழுக்க வெட்டினாள். ஒவ்வொரு வெட்டும் தெய்வசிகாமணியின் நடுமண்டையில் விழுவதாக நினைத்துக்கொண்டுதான் வெட்டினாள். அதனால் சோர்வு தெரியவில்லை. மழைக்காலத்தில் ஏரித்தண்ணீரைப் பாத்தியில் கட்டி நிறுத்தி, உப்பைக் கரைத்து வடிகாலில் இறக்கிவிட்டாள். மறுபடி கட்டினாள், மறுபடி இறக்கினாள். இது அவள் ஊரில் பார்த்த வேலை. ஆனால் இந்த மண் பிறந்த ஊர் மண்ணைவிடப் பிடிவாதமாக இருந்தது. தண்ணீர் கீழே இறங்கவே மறுத்தது.

மூன்றாவது வருஷம் பிளாக் ஆபீஸிலிருந்து சவுரிராயன் என்கிற கிராமசேவக், விவசாயத்துக்கு யோசனை சொல்கிறவர், சைக்கிளில் வந்தார். இருபத்தைந்து வயசுக்காரர், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். மண்ணைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்தார்.

"இது வெறும் உவர் இல்லீங்கம்மா. களரும் சேர்ந்து இருக்குது. உப்பத் தண்ணியில கழுவிடலாம். களரு அப்டி போவாது. ஜிப்சம் போட்டாத்தான் மண்ணு பொலபொலன்னு வரும், தண்ணி கீழ இறங்கும்" என்றார்.

"போட்டா ஒரேயடியாப் போய்டுமா?"

"போவாதுங்க. கீழ தள்ளி வைக்கலாம். வடிகால மூடிட்டாலோ, உப்புத்தண்ணி பாய்ச்சினாலோ திரும்ப மேல ஏறி வந்துடும். நீங்க கூடவே இருந்து பாத்துக்கினுதான் இருக்கணும்."

அப்பாவின் நிலம் அவள் கண்முன் வந்து போனது. அந்த வார்த்தையை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பழிவாங்க உதவும் என்று அப்போது தோன்றவில்லை. வயலைக் காப்பாற்ற உதவும் என்றுதான் நினைத்தாள்.

பிளாக் ஆபீஸ் ஜிப்சத்தை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து தூவினாள். தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டை விதைத்து, அது இடுப்பு உயரம் வந்ததும் மடக்கி உழுதாள். மலையடிவாரத்திலிருந்து கொழிஞ்சியும் எருக்கும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து மிதித்தாள். கால் விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகி, வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடி இறங்கினாள். ஐந்தாம் வருஷம் பாதி வயல் விளைந்தது. ஏழாம் வருஷம் முக்கால் வயல். ஒன்பதாம் வருஷம், 1963 தையில், இரண்டு காணியும் கிச்சிலிச் சம்பா ஒரே மட்டமாகத் தலை சாய்த்து நின்றது. பூமாலையின் கழுதையை அங்கே ஓட்டிவந்து விட்டாலும் அதற்கு இடம் அடையாளம் தெரிந்திருக்காது.

அறுத்த நெற்கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுபோக நேர்வழி ஒன்று உண்டு. கெங்கம்மாள் அந்த வழியில் போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு, தெய்வசிகாமணி வீட்டு வாசல் வழியாக ஒவ்வொரு கட்டாகக் கொண்டுபோகச் சொன்னாள். "ஏம்மா இம்மாந்தூரம் சுத்தறோம், பேஜாரா கீது" என்று கூலியாட்கள் முணுமுணுத்தார்கள். "சுத்துனா ஒடம்புக்கு நல்லது, நடங்க" என்றாள். தெய்வசிகாமணி வாசலில் உட்கார்ந்து கடைசிக் கட்டு போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு நாளும் அவளுக்குச் சோறு தித்தித்தது.

அவள் எதிர்பார்த்தது அவர் வயிறு எரிய வேண்டும் என்பதைத்தான். நடந்தது வேறு. அவருக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த வருஷம் ஊருக்குக் கரண்டு வந்தது. கம்பம் நட்டுக்கொண்டே போன வரிசை ஏரிக்கீழ் வயலை உரசிக்கொண்டு போனது. மேட்டுக்கொல்லைப் பக்கம் கம்பம் போகவில்லை. தெய்வசிகாமணி விருத்தாசலத்திடம் போய்ப் பேசினார். தம்பி டவுனில் இருக்கிறான், பொம்பளை ஒண்டியாகச் சேற்றில் கிடந்து சாகிறாள், பார்க்கப் பாவமாக இருக்கிறது, கொல்லையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வயலை நான் எடுத்துக்கொள்கிறேன், மேட்டு வேலை என்றால் அவளுக்கும் சுலபம் என்றார். கேட்டவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை மாயவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னான். "அண்ணன் ரொம்பக் கேக்குறாரு. நீ பாடுபட்ட நெலம். வேணான்னா வேணான்னு சொல்லிடறேன்."

கெங்கம்மாள் அடுப்பில் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கெட்டதைத் தலையில் கட்டியது போதாது என்று நல்லதாக்கியதைப் பிடுங்க வருகிறான். துடுப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவிலேயே இரண்டு போடலாம் என்று நினைத்தாள். பிறகு கிண்டுகிற கை மெல்ல நின்றது. தெய்வசிகாமணியைப் பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வருஷத்துக்கு நாலு விரல் செதுக்கிச் சேர்த்துக்கொள்கிற மனிதர். தெற்கே ஒரு வடிகால் சும்மா கிடப்பதை அவர் கண் பொறுக்காது; தூர்த்து இரண்டு வரிசை நாற்று நடுவார். கரண்டுக் கம்பத்தைப் பார்த்தபிறகு கிணறு வெட்டாமல் இருக்கமாட்டார். அந்தப் பள்ளத்தில் வெட்டுகிற கிணற்றில் என்ன தண்ணீர் ஊறும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. களர் போய்விட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

"குடுத்துடலாம்" என்றாள்.

"நெஜமாவா சொல்றே?"

"ஒங்கண்ணனுக்கு இஷ்டம்னா நாம இன்னாத்துக்குக் குறுக்க நிக்கணும்?"

மறுபடி அதே கோயில் வாசல், அதே புங்கமரம். விருத்தாசலத்துக்குத் தலை நரைத்திருந்தது. "நெலத்துல எதுனா வில்லங்கம், சொல்ல வேண்டியது எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி பேச்சு கூடாது" என்றார். மாயவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். கெங்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தலையை ஒரு இம்மிகூட அசைக்காமல் நின்றாள். மூத்தார் முன்னால் என்ன அடக்கம் பார் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். தான் பாடுபட்ட நிலத்தை மூத்தாருக்கு விட்டுக்கொடுக்கிற மருமகள் இந்தக் காலத்தில் ஏது என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீஸில் கைநாட்டு வைத்துவிட்டு வரும்போது கெங்கம்மாள் மாயவனை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். இரண்டு தோசை தின்றாள்.

எல்லாம் அவள் நினைத்ததைவிட ஜல்தியாக நடந்தது. சித்திரையில் கிணறு. வைகாசியில் மோட்டார். ஆனியில் வடிகாலைத் தூர்த்துச் சமன் செய்தார்கள். மாயவன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "வடிகால மூடிட்டாரே அண்ணன். நீ எவ்ளோ பாடுபட்டு வெட்டுனே. நான் போய் ஒரு வார்த்த சொல்லட்டுமா?" என்றான்.

"அவரு கேட்டாரா?"

"கேக்கல."

"கேட்டா சொல்லலாம்" என்றாள். மாயவன் அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

முதல் வருஷம் தெய்வசிகாமணி மூன்று போகம் எடுத்தார். மீசையை முறுக்கினார். இரண்டாம் வருஷக் கோடையில் கெங்கம்மாள் ஏரிக்கரை மேலே நடந்துபோகும்போது தெற்கு வரப்போரம் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நின்று பார்த்தாள். வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் அவள் காலைத் தின்ற மண் அது. ஒரு கொத்துத் தழையை அவள் அதற்குக் குறைவைத்ததில்லை. அழுகையும் வந்தது. அந்த அழுகைக்கு அடியில் ஒரு சந்தோஷமும் கிடந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. வெளுக்கட்டும், இன்னும் நன்றாக வெளுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் வருஷம் பாதி வயல் பொட்டல். வண்டல் அடித்துப் பார்த்தார், எரு அடித்துப் பார்த்தார், மோட்டாரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓட்டினார். தண்ணீர் பாயப் பாய நிலம் வெளுத்தது. அவருடைய பெண்டாட்டி ருக்கு ஒருநாள் முறத்தைக் கடன் கேட்கிற சாக்கில் வந்தாள்.

"ஏண்டி கெங்கா, நீ இருந்தப்போ நல்லா விளைஞ்சுதே. எதுனா பண்ணுவியா அதுக்கு?"

"பண்ணுவேன்க்கா."

"இன்னா பண்ணுவே? சொல்லேன். சோறு தொண்டையில இறங்கலடி அந்த மனுசனுக்கு."

"அவரே வந்து கேட்டா சொல்றேன்க்கா. முறம் அதோ கீது, எடுத்துக்கினு போங்க."

அவர் அந்த வருஷம் வரவில்லை. கௌரவம் போய்விடும் என்று நிலத்தைச் சாகவிட்டார். மகன்கள் இல்லை, இரண்டு பெண்களும் விழுப்புரத்திலும் பண்ணுருட்டியிலும் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு அந்த வயல்தான் மிச்சம்.

1967 ஐப்பசியில் வந்தார்.

மேட்டுக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுப்பகல். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொடியைக் குவித்துப்போட்டு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி வரப்பில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கெங்கம்மாள் பழக்கத்தில் எழுந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வண்டியில் பூட்டியிருந்த காளையைப் பார்த்து, "ஏரிக்கீழ் வயலுக்கு இன்னா பண்ணா தேவலைன்னு இந்த வூட்டுல யாருனா சொல்லுவாங்களா?" என்றார்.

"மாட்டுக்கு இன்னா மாமா தெரியும்? என்னையே கேளுங்க" என்றாள் கெங்கம்மாள்.

காய் ஆய்கிற கைகளெல்லாம் நின்றுவிட்டன. மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிறாள். முந்தானை தோளில்தான் கிடந்தது, அவள் அதை இழுத்துவிடக்கூட இல்லை.

தெய்வசிகாமணி காளையை விட்டுப் பார்வையை எடுத்தார். "சரிம்மா. ஒன்னத்தான் கேக்குறேன். சொல்லு."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். பாகம் பிரிக்கச்சே அந்த வயலு மேல கறுப்பு மண்ணு கிடந்துச்சே, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் சுற்றிலும் இருந்த பெண்களைப் பார்த்தார். எல்லாரும் நாளைக்குள் ஊர் முழுக்கச் சொல்லப்போகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏரி வண்டல்" என்றார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான் அடிச்சேன். அறுபது வண்டி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "களருன்னு தெரிஞ்சா அவன் எடுக்க மாட்டான்னு அடிச்சேன். ஏமாத்தினேன்மா. போதுமா?"

போதும். பதிமூன்று வருஷம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. கைதட்டிச் சிரிக்க வேண்டும், தெருவெல்லாம் ஓடிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்து வைத்திருந்தது உண்டு. எதிரில் நின்றது எலும்பும் தோலுமான ஒரு கிழவர், கையில் செருப்போடு. அவளுக்குப் பாவமாக இல்லை. நினைத்த அளவு நிறைவாகவும் இல்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதுபோல இருந்தது.

"கேட்டுக்குங்க" என்றாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டும். தெற்கே மூடின வடிகாலைத் திரும்ப இடுப்பளவு வெட்ட வேண்டும். பாத்தி கட்டி ஏரித்தண்ணீர் நிறுத்தி இறக்க வேண்டும், வருஷத்துக்கு நாலு தரம். ஜிப்சம் எங்கே கிடைக்கும், எவ்வளவு போட வேண்டும், தக்கைப்பூண்டு எப்போது விதைக்க வேண்டும், எத்தனையாம் நாள் மடக்கி உழ வேண்டும், எல்லாம் சொன்னாள். மலையடிவாரத்தில் கொழிஞ்சி எந்தப் பக்கம் செழிப்பாக இருக்கும் என்பதையும் சொன்னாள். புரியாத இடத்தில் அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி சொன்னாள். இவ்வளவு விவரமாக அவள் வேறு யாருக்கும் எதையும் சொன்னதில்லை. தெய்வசிகாமணியின் முகத்தில் உயிர் வந்தது.

"இதெல்லாம் பண்ணா நெலம் தேறிடுமா?"

"நிச்சயமாத் தேறும் மாமா."

"எப்போ தேறும்?"

"எனக்கு ஒம்போது வருசம் ஆச்சு. நான் அப்போ முப்பது வயசுக்காரி, ஒரு நாள்கூட சும்மா உக்காரல. ஒங்களுக்கும் ஒம்போது வருசம் ஆவும்."

சொல்லிவிட்டு அவள் கொடிக்குவியல் பக்கம் போய் உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தாள். தெய்வசிகாமணி வரப்பிலேயே நின்றார். அவருக்கு அந்தப் புரட்டாசியில்தான் அறுபத்து நாலு முடிந்திருந்தது. அது கெங்கம்மாளுக்குத் தெரியும்.